கை வைக்குமுன் பார்: கட்டளைவரியில் கணினிப் பராமரிப்பு

கோலார் தங்கவயலில் கணினிகளைப் பார்த்துக்கொள்பவர் பெரும்பாலும் வேறு வேலைக்கென்று சேர்ந்தவராகத்தான் இருப்பார். பள்ளியில் கணக்கு வாத்தியார், ராபர்ட்சன்பேட்டை ஜெராக்ஸ் கடையில் டைப் அடிக்கும் அக்கா, சர்ச் ஆபீஸில் ரசீது போடும் தம்பி. ஒருநாள் யாரோ “சிஸ்டம் ஸ்லோவா இருக்கு, கொஞ்சம் பாருப்பா” என்றிருப்பார்கள். அன்றிலிருந்து அது அவர் பொறுப்பாகிவிடுகிறது. தனிச் சம்பளம் இல்லை, பயிற்சி இல்லை. பெங்களூரிலிருந்து ஆள் வரவழைக்கப் பணமும் இல்லை. இந்த அத்தியாயம் முதலில் அவர்களுக்காக. மாரிக்குப்பத்தில் காலை ரயில் ஏறி, பெங்களூர்க் கம்பெனிகளின் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளப் போகிற பிள்ளைகளுக்கும் இதில் வேலை இருக்கிறது.

கட்டளைகளை, போனில் ஒருவர் சொல்ல இன்னொருவர் தட்டும்போது எப்படிச் சொல்வார்களோ அப்படியே தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டுங்கள். நம் ஊரில் பாதிப் பராமரிப்பு போனில்தான் நடக்கிறது. அதில் ஓர் ஆபத்து உண்டு: ‘பி’ என்றால் பாம்பே-பியா பீட்டர்-பியா, ‘டி’ என்றால் டெல்லி-டியா டாம்-டியா என்று கேட்பவருக்குத் தெரியாது. அதனால் ஒற்றை எழுத்துத் தெரிவுக்கு நீளமான பெயர் இருந்தால் அதையே சொல்லுங்கள். தட்டியதை என்டர் அழுத்தும்முன் மறுமுனையில் இருப்பவர் ஓர் எழுத்து விடாமல் திருப்பிப் படிக்க வேண்டும். “அண்ணா, அடிச்சிட்டேன்” என்ற பிறகு கேட்டுப் பயனில்லை.

எந்திரம் எது?

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு மேம்படுத்தல்கள் முடிந்தன. நம் பள்ளிகளிலும் கடைகளிலும் இருக்கும் பழைய பெட்டிகள் பல விண்டோஸ் 11-ஐ ஏற்காது. அது கேட்கும் டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சிப் அவற்றில் இருக்காது. அவற்றைக் காயலான் கடைக்குப் போடுவதற்கு முன் லினக்ஸ் போட்டுப் பாருங்கள். நினைவகம் கொஞ்சம் கூட இருந்தால் இன்னும் சில வருடம் உழைக்கும். பென்டிரைவில் லினக்ஸை ஏற்றி, அதிலிருந்தே கணினியைத் தொடங்கி, ‘எல்எஸ்சிபியு’ என்று தட்டுங்கள். மேலே சிபியு எந்த முறைகளில் ஓடும் என்று ஒரு வரி வரும். அதில் 64-பிட் இருந்தால் கவலையில்லை. 32-பிட் மட்டும் என்றால், 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13 லினக்ஸை அதில் வழக்கம்போல் நிறுவ முடியாது. அந்த எந்திரத்தை இணையம் இல்லாத தட்டச்சு வேலைக்கு வைத்துக்கொள்ளலாம்.

பார்ப்பது வேறு, மாற்றுவது வேறு

நம் ஊரில் தங்கச் சுரங்கம் ஓடிய காலத்தில் ஆட்களை இறக்கும் கேஜையும், அதன் கயிற்றையும், இழுக்கும் வைண்டிங் எஞ்சினையும் தினமும் சோதித்துப் பதிவேட்டில் எழுதுவது கட்டாயம். கயிறு நன்றாக இருந்த நாட்களிலும் அந்தப் பக்கம் எழுதப்பட்டது. 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி பாரத் கோல்டு மைன்ஸ் மூடப்படும்வரை இந்த ஊரின் ஒவ்வொரு வேலைநாளும் அப்படித்தான் தொடங்கியது. கணினிப் பராமரிப்புக்கு அதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

கட்டளைகளை இரண்டு வகையாகப் பிரித்து மனதில் வையுங்கள். ஒரு வகை பார்ப்பதோடு நிற்கும். ஆயிரம் முறை தட்டினாலும் எதுவும் கெடாது. இன்னொரு வகை மாற்றும், அழிக்கும். பார்க்கும் கட்டளைகளில் பெரும்பாலானவற்றுக்கு, நிர்வாகி அதிகாரம் தரும் ‘சூடோ’ தேவைப்படாது. கடவுச்சொல் கேட்டால் அங்கே நின்று, நான் பார்க்கப் போகிறேனா மாற்றப் போகிறேனா என்று உங்களையே கேளுங்கள். நல்ல கருவிகளில் மாற்றும் கட்டளைக்கும் ‘செய்யாமல் காட்டு’ என்றொரு தெரிவு இருக்கும். இந்த அத்தியாயத்தில் ஒவ்வொரு கருவியோடும் அதைச் சொல்லப் போகிறேன். அதை விட்டுவிட்டு நேராகச் செய்கிற வடிவத்தை மட்டும் கற்றுக்கொடுப்பது பிழை. இணையத்திலிருந்து ஒட்டும் கட்டளைகளால் வரும் சேதத்தில் பெரும்பகுதி அதனால்தான்.

கடையையோ லேபையோ திறந்ததும் தட்ட வேண்டியவை ஐந்து. ‘அப்டைம்’, எந்திரம் எத்தனை நேரமாக ஓடுகிறது என்று சொல்லும். இரவில் யாரும் தொடாத சர்வர் ‘இரண்டு மணி நேரம்’ என்று காட்டினால் இரவில் கரண்ட் போயிருக்கிறது. அதே வரியின் கடைசியில் மூன்று எண்கள் இருக்கும்: கடந்த 1, 5, 15 நிமிடங்களின் சராசரிச் சுமை. ‘என்ப்ராக்’ காட்டும் சிபியு எண்ணிக்கையைவிட அவை நீண்ட நேரம் அதிகமாக இருந்தால் வேலை வரிசையில் காத்து நிற்கிறது. அடுத்தது ‘டிஎஃப் -எச்’, டிஸ்கில் மீதி இடம். மூன்றாவது ‘ஃப்ரீ -எச்’. இதில் ‘ஃப்ரீ’ என்ற பத்தியைப் பார்த்துப் பயப்படாதீர்கள். லினக்ஸ் சும்மா கிடக்கும் நினைவகத்தைக் கோப்புகளைத் தயாராக வைக்கப் பயன்படுத்திக்கொள்ளும். பார்க்க வேண்டியது ‘அவெய்லபிள்’ பத்தி. நான்காவது ‘சிஸ்டம்சிடிஎல் --ஃபெயில்ட்’, தொடங்க முடியாமல் விழுந்துகிடக்கும் சேவைகளின் பட்டியல். ஐந்தாவது ‘ஜர்னல்சிடிஎல் --பூட் --பிரையாரிட்டி=எர்’, இந்தமுறை தொடங்கியதிலிருந்து பதிவான பிழைகள் மட்டும்.

ஐந்தாவதில் தினமும் சில வரிகள் வரும். ப்ளூடூத் இல்லை, ஏதோ ஃபர்ம்வேர் இல்லை என்று. பழகப் பழக அவை உங்கள் எந்திரத்தின் வாடிக்கையான முணுமுணுப்பு என்று தெரிந்துவிடும். புதிதாக ஒரு வரி வந்தால் கண் தானாக அதில் நிற்கும். அதற்காகத்தான் ஒன்றும் ஆகாத நாளிலும் பார்க்கச் சொல்கிறேன். பார்த்ததை ஒரு கோடு போட்ட நோட்டில் தேதியோடு எழுதுங்கள். கணினிக்குள் எழுதினால், கணினி படுத்த நாளில் அதுவும் சேர்ந்து படுத்துவிடும்.

டிஸ்க் நிறைந்துவிட்டது

“பிரிண்ட் போகலை”, “லாகின் பண்ணினா திரும்ப லாகின் கேக்குது”, “டேலி சேவ் ஆகலை”. வெவ்வேறு மாதிரி வரும் இந்தப் புகார்களுக்குப் பின்னால் பலமுறை இருப்பது ஒரே காரணம்தான்: இடமில்லை. ‘டிஎஃப் -எச்’ நூறு சதவீதம் காட்டினால் உடனே எதையும் அழிக்கக் கிளம்பாதீர்கள். எது நிறைத்தது என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும்.

‘சூடோ டியூ -எக்ஸ்எச் --மேக்ஸ்-டெப்த்=1 /’ என்று தட்டி, அதன் வெளியீட்டைக் குழாய்க்குறி போட்டு ‘சார்ட் -எச்’சுக்கு அனுப்புங்கள். பெரியது கடைசியில் வரும். அந்த அடைவுக்குள் போய் அதையே திரும்பத் தட்டுங்கள். ஓர் அடைவிலிருந்து அடுத்தது என்று இறங்கிப்போனால் குற்றவாளி அகப்படுவான். ‘-எக்ஸ்’ அவசியம், இல்லாவிட்டால் செருகியிருக்கும் பென்டிரைவையும் சேர்த்து எண்ணிவிடும்.

வழக்கமாக அகப்படுபவை: யாரும் காலி செய்யாத குப்பைத்தொட்டி, தரவிறக்க அடைவில் ஒரே படத்தின் நான்கு பிரதிகள், டெபியனின் நிறுவல் கருவி ஆப்ட் சேர்த்துவைத்த பழைய நிறுவல் பொட்டலங்கள், வளர்ந்துகொண்டே போகும் லாக். ஆப்ட் பொட்டலங்களுக்கு ‘சூடோ ஆப்ட் கிளீன்’ போதும். லாகுக்கு ‘ஜர்னல்சிடிஎல் --டிஸ்க்-யூசேஜ்’ என்று அளவைப் பார்த்துவிட்டு ‘சூடோ ஜர்னல்சிடிஎல் --வேக்யூம்-சைஸ்=200எம்’ (‘எம்’ பெரிய எழுத்து). லாக் கோப்புகளைக் கையால் அழிக்க வேண்டாம். நாளைக்கு என்ன நடந்தது என்று சொல்லப்போகிற ஒரே சாட்சி அதுதான்.

சில நேரம் கணக்கு இடிக்கும். ‘டிஎஃப்’ நிறைந்தது என்கிறது, ‘டியூ’ கூட்டினால் பாதிகூட வரவில்லை. யாரோ ஒரு பெரிய கோப்பை அழித்திருக்கிறார்கள், ஆனால் ஒரு நிரல் அதை இன்னும் திறந்தே வைத்திருக்கிறது என்று அர்த்தம். லினக்ஸில் பெயர் போனாலும், திறந்து வைத்திருப்பவர் மூடும்வரை இடம் விடுபடாது. ‘சூடோ எல்எஸ்ஓஎஃப் +எல்1’ (இந்த ‘எல்’லும் பெரிய எழுத்து) அப்படிப்பட்ட கோப்புகளையும் அவற்றைப் பிடித்திருக்கும் நிரலையும் காட்டும். அந்தச் சேவையை மறுபடி தொடங்கினால் இடம் திரும்பிவிடும்.

இதற்கு நேர்மாறான ஒன்று: பல ஜிபி மீதி இருக்கிறது, ஆனாலும் ‘இடமில்லை’ என்கிறது. ‘டிஎஃப் -ஐ’ தட்டுங்கள். ஒவ்வொரு கோப்புக்கும் ஐநோடு என்ற ஒரு பதிவு வேண்டும். லினக்ஸின் ஈஎக்ஸ்டி4 கோப்பு முறையில் அவற்றின் எண்ணிக்கை டிஸ்கை வடிவமைக்கும்போதே முடிவாகிவிடுகிறது. லட்சக்கணக்கில் குட்டிக் கோப்புகள் சேர்ந்தால் இடம் இருந்தும் பதிவு தீர்ந்துபோகும். அதே ஈஎக்ஸ்டி4, வழக்கமாக 5 சதவீத இடத்தை நிர்வாகியான ரூட்டுக்கென்று ஒதுக்கி வைக்கும். மற்றவர்களுக்கு டிஸ்க் நிறைந்த பிறகும் நீங்கள் ரூட்டாக உள்ளே போய்ச் சரிசெய்ய முடிவது அதனால்தான்.

பழைய கோப்புகளை மொத்தமாக நீக்க ‘ஃபைண்ட்’ நல்ல கருவி, கூர்மையான கருவியும்கூட. ஸ்கேன் அடைவில் முப்பது நாளுக்கு மேற்பட்டவற்றைப் பார்க்க ‘ஃபைண்ட் ஸ்கேன் -டைப் எஃப் -எம்டைம் +30 -பிரிண்ட்’. பட்டியல் முழுவதையும் படித்த பிறகு, அதே வரியை மேல் அம்புக்குறியால் வரவழைத்து, கடைசியில் இருக்கும் ‘-பிரிண்ட்’டை மட்டும் ‘-டிலீட்’ என்று மாற்றுங்கள். அந்தச் சொல் கடைசியில்தான் இருக்க வேண்டும். முன்னால் வந்துவிட்டால், நாள் கணக்கைப் பார்க்காமல் அடைவையே காலி செய்துவிடும்.

கரண்ட், தூசி, டிஸ்க்

1902-இல் சிவனசமுத்திரத்திலிருந்து சுமார் 150 கிலோமீட்டர் கம்பி இழுத்து மின்சாரம் கொண்டுவரப்பட்ட ஊர் இது. அந்த ஊரில் இன்று கணினிக்கு முதல் பகை, கரண்ட் போவதும் உடனே திரும்புவதும்தான். எழுதிக்கொண்டிருக்கும் டிஸ்கின் மின்சாரம் அறுந்தால் ஈஎக்ஸ்டி4 தன் குறிப்பேட்டை வைத்துப் பெரும்பாலும் தானே சரிசெய்துகொள்ளும். முடியாதபோது, தொடங்கும்போதே, கோப்பு முறையைச் சரிபார்க்கும் ‘எஃப்எஸ்சிகே’யை ஓட்டச் சொல்லி நிற்கும். பயன்பாட்டில் இருக்கும் டிஸ்கின் மேல் அதை ஓட்டவே கூடாது. பென்டிரைவ் லினக்ஸிலிருந்து தொடங்குங்கள். முதலில் ‘எஃப்எஸ்சிகே -என்’, அதாவது எல்லாக் கேள்விக்கும் ‘வேண்டாம்’ என்று பதில் சொல்லி என்ன பழுது என்று மட்டும் காட்டும் வடிவம். பிறகுதான் சரிசெய்வது.

பழைய பெட்டிகளில் இன்னொரு தொல்லை. கரண்ட் வந்து திரும்பத் தொடங்கினால் எந்த வலைத்தளமும் திறக்காது, ஆப்டும் பிழை காட்டும். ரவுட்டரைக் கழற்றுவதற்கு முன் ‘டைம்டேட்சிடிஎல்’ தட்டிப் பாருங்கள். தேதி பல வருடம் பின்னால் இருந்தால் மதர்போர்டில் உள்ள காசு வடிவ பேட்டரி தீர்ந்திருக்கிறது. தேதி தவறாக இருந்தால் வலைத்தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்கள் செல்லாதவையாகத் தெரியும். சிஆர்2032 பேட்டரியை வாட்ச் கடையிலேயே வாங்கி மாற்றலாம்.

தூசி நம் ஊருக்கே உரியது. தாதுவை அரைத்துத் தங்கம் பிரித்தபின் கொட்டிய சைனைடு மேடுகளிலிருந்து, காற்று அடிக்கிற மாதங்களில் மாவு போன்ற பொடி கிளம்பி வீட்டுக்குள் வரை வந்து படிகிறது. அது சிபியு ஃபேனின் அடியில் கம்பளிபோல் ஒட்டிக்கொள்ளும். கெர்னலின் செய்திகளைக் காட்டும் ‘டிமெஸ்க்’ வெளியீட்டில் வெப்பம் எல்லை தாண்டியதால் சிபியுவின் வேகம் குறைக்கப்பட்டது என்ற வரி வந்தால் மென்பொருளைத் தோண்ட வேண்டாம். ‘எல்எம்-சென்சார்ஸ்’ நிறுவி ‘சென்சார்ஸ்’ தட்டுங்கள். வேலை எதுவும் இல்லாமலே 80 டிகிரி என்றால் ஸ்க்ரூடிரைவரை எடுக்க வேண்டியதுதான். சுத்தம் செய்யும்போது மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளுங்கள், வீட்டுக்குள் ஊதாதீர்கள். அந்தப் பொடியைக் குழந்தைகள் சுவாசிக்கக் கூடாது.

டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கிறது. அதைப் படிக்கும் கருவி ‘ஸ்மார்ட்சிடிஎல்’. புரூஸ் ஆலன் என்ற இயற்பியலாளர், ஈர்ப்பு அலை ஆய்வுக்குப் பயன்பட்ட கணினிக் கூட்டத்தின் டிஸ்குகளைக் கவனிக்க 2002-இல் தொடங்கிய திட்டம் அது.

‘சூடோ ஸ்மார்ட்சிடிஎல் -ஏ’ என்று தட்டி டிஸ்கின் பெயரைச் சேருங்கள். பெயர் தெரியாவிட்டால் ‘எல்எஸ்பிஎல்கே’ காட்டும். நீளமான பட்டியல் வரும். சாதாரண ஹார்ட் டிஸ்கில் நான்கு வரிகள் போதும். 5 என்று எண்ணிட்ட வரி, கெட்டுப்போனதால் மாற்று இடத்துக்கு நகர்த்தப்பட்ட பகுதிகள். 197, படிக்க முடியாமல் காத்திருப்பவை. 198, திருத்தவே முடியாதவை. இம்மூன்றிலும் கடைசிப் பத்தியில் சுழியம் இருக்க வேண்டும். 197 ஏறத் தொடங்கினால் அன்றைக்கே பேக்கப் எடுங்கள். புது டிஸ்குக்குப் பணம் கேட்டு நிர்வாகத்துக்கு எழுதும்போது இந்த எண்ணையும் தேதியையும் எழுதுங்கள். நான்காவது 199. இது ஏறினால் பெரும்பாலும் டிஸ்கின் மேல் பழியில்லை, கேபிள்தான் தளர்ந்திருக்கும் அல்லது கெட்டிருக்கும். இருநூறு ரூபாய்க்குள் முடியும் வேலைக்கு டிஸ்கை மாற்றச் சொல்லிக் கேட்பவரிடம் இந்த வரியைக் காட்டுங்கள்.

டிஸ்க் ஏற்கெனவே சாகக் கிடக்கிறது என்றால் அதன்மேல் ‘எஃப்எஸ்சிகே’ வேண்டவே வேண்டாம். ஒவ்வொரு முயற்சியும் அதைத் தேய்க்கும். ‘டிடிரெஸ்க்யூ’ கொண்டு முழு டிஸ்கையும் வேறொரு பெரிய டிஸ்கில் ஒரே பிம்பக் கோப்பாக நகலெடுங்கள். டெபியனில் அதன் பொட்டலப் பெயர் முன்னால் ஒரு ‘ஜி’ சேர்ந்து வரும். கட்டளையில் மூன்று பெயர்கள்: எதிலிருந்து, எதற்கு, வரைபடக் கோப்பு. மூன்றாவதை விட்டுவிடாதீர்கள். எங்கே வரை படித்தாயிற்று, எங்கே முடியவில்லை என்று அதில்தான் எழுதப்படும்; நடுவில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். முதல் இரண்டு பெயர்களை மாற்றிப் போட்டால், மீட்க வேண்டிய டிஸ்கின்மேலேயே எழுதச் சொன்னதாகிவிடும். என்டருக்கு முன் இன்னொருவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.

தமிழ்ப் பெயர் வைத்த கோப்புகள்

ஆங்கில நூல்களில் இந்தப் பகுதி இருக்காது, நமக்கோ தினமும் வேண்டும். தமிழ், கன்னடம், தெலுங்கு, ஆங்கிலம் நான்கிலும் பெயர் வைத்த கோப்புகள் ஒரே அடைவில் கிடக்கிற ஊர் இது.

லினக்ஸின் ஈஎக்ஸ்டி4 முறையில் ஒரு கோப்பின் பெயர் 255 பைட்டுக்குள் இருக்க வேண்டும். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட். தமிழில் ஒவ்வொரு யூனிகோடு குறிக்கும் மூன்று பைட். ‘கோலார்’ கண்ணுக்கு மூன்று எழுத்து. கணினிக்குக் ககரம், ஓகாரக் குறி, லகரம், ஆகாரக் கால், ரகரம், புள்ளி என்று ஆறு குறிகள், ஆக 18 பைட். ஆகவே தமிழ்ப் பெயர் நாற்பது எழுத்தைத் தாண்டும்போது இடிக்கத் தொடங்கும். விண்டோஸ் வேறு விதமாக எண்ணுவதால் அங்கே இன்னும் நீளமான பெயரை ஏற்றுக்கொள்ளும். அங்கிருந்து நகலெடுக்கும்போது சில கோப்புகள் மட்டும் ‘பெயர் மிக நீளம்’ என்று நின்றுவிடும். பலர் பென்டிரைவைக் குறை சொல்வார்கள். பெயரைச் சுருக்கினால் போதும்.

இன்னொரு சிக்கல் கண்ணுக்கே தெரியாது. ஓகாரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம். முன்னால் வரும் ஏகாரக் கொம்பு, பின்னால் வரும் கால் என இரண்டாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். தேடும் கட்டளையான ‘கிரெப்’ அவற்றை வேறு வேறாகவே பார்க்கும். பழைய மேக் கணினிகளிலிருந்து வந்த கோப்புப் பெயர்களில் பிரித்து எழுதும் வழக்கம் உண்டு. கண்ணெதிரே இருக்கும் கோப்பு தேடினால் கிடைக்கவில்லை என்றால் இதைச் சந்தேகியுங்கள். பெயர்களைச் சீராக்க ‘கான்வ்எம்வி --என்எஃப்சி’ என்ற கருவி இருக்கிறது. எந்தக் குறிமுறையிலிருந்து எதற்கு என்பதையும் அதனிடம் சொல்ல வேண்டும், இங்கே இரண்டுமே யூடிஎஃப்8. எனக்கு அதில் பிடித்தது, அது தானாக எதையும் மாற்றாது என்பதுதான். எப்படி மாற்றப் போகிறேன் என்று பட்டியல் காட்டி நின்றுவிடும். ‘--நோடெஸ்ட்’ என்று வெளிப்படையாகச் சொன்னால்தான் மாற்றும்.

பாமினியில் தட்டிய பழைய தமிழ்க் கோப்புகளும், நுடியில் தட்டிய பழைய கன்னடக் கோப்புகளும் டெர்மினலில் பொருளில்லாத ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். கோப்பு கெடவில்லை, அது யூனிகோடுக்கு முந்தைய எழுத்துரு. அழித்துவிடாதீர்கள், தனி அடைவில் வைத்து, யூனிகோடு மாற்றிக் கருவி ஒன்றைக் கொண்டு மெல்ல மாற்றுங்கள்.

விண்டோஸ் வைத்திருப்பவர்களுக்கு

சுருக்கமாக. நிர்வாகியாகத் திறந்த கருப்புத் திரையில் ‘எஸ்எஃப்சி /ஸ்கேன்நவ்’ கணினியின் சொந்தக் கோப்புகளைச் சோதித்துச் சரிசெய்யும். ‘எஸ்எஃப்சி /வெரிஃபைஒன்லி’ சோதிப்பதோடு நிற்கும். ‘செக்டிஸ்க்’ தனியாகத் தட்டினால் பார்க்கும், ‘/எஃப்’ சேர்த்தால் மாற்றும். ‘ரோபோகாப்பி’யோடு ‘/எல்’ சேர்த்தால் எதையும் நகர்த்தாமல் பட்டியல் காட்டும். ‘/எம்ஐஆர்’ என்பது மூலத்தில் இல்லாததைச் சேருமிடத்தில் அழித்துவிடும். ‘/எல்’ இல்லாமல் அதை முதல்முறை ஓட்டாதீர்கள்.

ரயிலிலிருந்து சர்வருக்கு

ஓடும் ரயிலில் சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும். பின்லாந்தின் தத்து யூலோனென் 1995-இல் எழுதிய ‘எஸ்எஸ்எச்’ வழியாகத் தொலைவில் இருக்கும் எந்திரத்துக்குள் நுழைந்து மேம்படுத்தல் ஓட்டிக்கொண்டிருக்கும்போது இணைப்பு அறுந்தால், அந்த வேலையும் நடுவில் அறுந்துபோகலாம். பாதியில் நின்ற மேம்படுத்தல், தொடங்காத மேம்படுத்தலைவிட மோசம்.

ஆகவே உள்ளே நுழைந்ததும் முதல் கட்டளை ‘டிமக்ஸ்’. அதற்குள் ஓடும் வேலை சர்வரிலேயே ஓடும். உங்கள் போனோ லேப்டாப்போ துண்டிக்கப்பட்டாலும் அது நிற்காது. சிக்னல் வந்ததும் மறுபடி நுழைந்து ‘டிமக்ஸ் அட்டாச்’ என்றால் விட்ட திரை அப்படியே இருக்கும். நீங்களாகவே விட்டு வெளியேற, கன்ட்ரோலோடு பாம்பே-பி அழுத்தி விட்டு, பிறகு டெல்லி-டி. அடிக்கடி பயணத்தில் வேலை செய்பவர்கள் ‘மாஷ்’ என்பதையும் நிறுவிக்கொள்ளலாம். டவர் மாறி ஐபி முகவரி மாறினாலும் அது பிடியை விடாது. ஆனால் மேம்படுத்தலுக்கு ‘டிமக்ஸ்’ இல்லாமல் கைவைக்க வேண்டாம். அதற்கும் முன்னால் ‘ஆப்ட் அப்கிரேட் -எஸ்’. என்னென்ன மாறும் என்று ஒத்திகை பார்க்கலாம்.

கடவுச்சொல்லுக்குப் பதில் சாவி வைத்துக்கொள்ளுங்கள். ‘எஸ்எஸ்எச்-கீஜென்’ சாவிக்கும் ஒரு கடவுத்தொடர் கேட்கும், காலியாக விடாதீர்கள். கூட்ட நெரிசலான பெட்டியில் லேப்டாப் திருடுபோனால் சர்வரும் சேர்ந்து போகக் கூடாது.

பேக்கப், மீட்டெடுத்துப் பார்த்தபின்

ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல்லும் பால் மெக்கெராசும் 1996-இல் வெளியிட்ட ‘ஆர்சிங்க்’ நமக்கு ஏற்றது. மாறிய கோப்புகளை மட்டும் எடுக்கும்; நெட்வொர்க் வழியாக என்றால் ஒரு கோப்புக்குள்ளும் மாறிய பகுதியை மட்டும் அனுப்பும். மெதுவான இணைப்புக்கு அதுதான் வேண்டும். முதலில் ‘ஆர்சிங்க் -ஏவி --ட்ரை-ரன்’, பிறகு மூலம், பிறகு சேருமிடம். பட்டியலைப் படியுங்கள். மூல அடைவின் பெயருக்குப் பின்னால் சாய்கோடு போட்டால் உள்ளே இருப்பவை போகும். போடாவிட்டால் அடைவே போகும். பட்டியலில் அந்த வேறுபாடு பளிச்சென்று தெரியும். சரியென்றால் ‘--ட்ரை-ரன்’னை எடுத்துவிட்டு ஓட்டுங்கள். ‘--டிலீட்’டைத் தினசரி பேக்கப்பில் சேர்க்காதீர்கள், யாரோ தவறி அழித்த கோப்பை அது பேக்கப்பிலும் போய் அழித்துவரும்.

பேக்கப் பென்டிரைவ் ஃபேட்32 என்றால் 4 ஜிபி அளவுள்ள கோப்பு அதில் ஏறாது. மேலும் அது நேரத்தை இரண்டு நொடிக் கணக்கில் குறிப்பதால், மாறாத கோப்புகளும் தினமும் மறுபடி நகலெடுக்கப்படும். ‘--மாடிஃபை-விண்டோ=1’ சேர்த்தால் அது நிற்கும்.

தானாக ஓட வைக்க எல்லோரும் ‘கிரான்’ சொல்வார்கள். இரவு இரண்டு மணி என்று குறித்துவைப்பார்கள். கடை எட்டு மணிக்கே மூடி, மெயின் சுவிட்சையும் அணைத்துவிட்டுப் போகும் இடத்தில் அந்த இரண்டு மணி வரவே வராது. கிரானும் தவறவிட்டதைப் பிறகு செய்யாது. அப்படிப்பட்ட எந்திரங்களுக்கு ‘அனகிரான்’ வையுங்கள். நாள் ஒன்றுக்கு ஒருமுறை என்று சொன்னால், மறுநாள் எப்போது கணினி திறக்கிறதோ அப்போது கொஞ்ச நேரம் பொறுத்து ஓட்டும். சிஸ்டம்டி டைமரில் ‘பெர்சிஸ்டன்ட்’ என்பதை ‘ட்ரூ’ ஆக்கினாலும் இதே பலன்.

பேக்கப் ஓடியது என்று லாக் சொல்வது போதாது. மாதம் ஒருமுறை, வேறொரு கணினியில் பேக்கப் டிரைவைச் செருகி, மூன்று கோப்புகளை எடுத்துத் திறந்து பாருங்கள்: நேற்று மாறிய ஒன்று, ஒரு வருடம் பழையது ஒன்று, தமிழ்ப் பெயர் வைத்தது ஒன்று. பெரிய கோப்பாக இருந்தால் இரண்டு பக்கமும் ‘எஸ்எச்ஏ256சம்’ தட்டி வரும் நீண்ட எண்களை ஒப்பிடுங்கள். முதல் ஆறும் கடைசி ஆறும் மட்டும் பார்த்துவிட்டு விடாமல், ‘-சி’ கொடுத்துக் கணினியையே ஒப்பிடச் சொல்லுங்கள். மூன்றும் திறந்தால் தேதியையும் கோப்புகளின் பெயரையும் நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். ஒன்று திறக்காவிட்டாலும், அன்று வேறு வேலை வேண்டாம். ‘--ட்ரை-ரன்’னிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.